நம்பிக்கை இருக்க எதிர்நோக்கு எதற்கு?

போன மாதம் ஒரு ஞாயிறு பூசையில் மன்றாட்டு வாசித்தார்கள். தாளில் இருந்தது இது: "போரையும் பசியையும் எதிர்நோக்கும் காசா மக்கள் தங்கள் எதிர்நோக்கை இழந்துவிடாதிருக்க இறைவா உம்மை மன்றாடுகிறோம்." எல்லாரோடும் சேர்ந்து நானும் "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. என்ன கேட்டோம் நாம்? ஒரே வாக்கியத்தில் ஒரே சொல், முதலில் அந்த மக்கள் தலையில் விழும் இடிக்கு, அடுத்து அவர்களைத் தாங்கும் கைக்கு. வாக்கியத்தை உள்ளபடி எடுத்துக்கொண்டால், போரையும் பசியையும் எதிர்நோக்குவதை அவர்கள் நிறுத்திவிடக் கூடாது என்று வேண்டியதாகவும் ஆகும்.

எழுதியவரைக் குறை சொல்லி என்ன பயன்? ஆங்கிலத்தில் 'ஹோப்' என்பதற்கு எதிர்நோக்கு என்ற சொல்லை அவர் கையில் கொடுத்தவர்கள் வேறு. கத்தோலிக்கத் திருச்சபையின் புனித ஆண்டான 2025 யூபிலி ஆண்டு முழுக்க 'எதிர்நோக்கின் திருப்பயணிகள்' என்று பதாகையிலும் பாட்டிலும் மறையுரையிலும் கேட்டுக் கேட்டுக் காது காய்த்துப் போயிற்று. இனியாவது இதைப் பேசிவிட வேண்டும்.

முதலில் மூலம், சுருக்கமாக. பழைய ஏற்பாட்டின் எபிரேயத்தில் 'ஹோப்' என்பதற்கு முக்கியமான சொல் 'திக்வா'. யோசுவா புத்தகத்தில் ஒற்றர்களை ஒளித்துக் காத்த ராகாப் தன் சன்னலில் கட்டிய சிவப்புக் கயிற்றுக்கும் இதே சொல்தான் வருகிறது. காத்திருப்பும் கயிறும் ஒரே சொல்லுக்குள். புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் 'எல்பிஸ்', லத்தீனில் 'ஸ்பெஸ்'. பிரான்சிஸ் பாப்பரசர் 2024 மே 9 அன்று யூபிலியை அறிவித்து எழுதிய மடலின் முதல் சொல்லே இந்த லத்தீன் 'ஸ்பெஸ்'. பவுல் எழுதிய உரோமையர் மடல் 5:5இலிருந்து எடுத்தது. புரோட்டஸ்டண்டு சபைகளில் வழங்கும் ஹென்றி பவர் மொழிபெயர்ப்பில் அந்த வரி "அந்த நம்பிக்கை நம்மை வெட்கப்படுத்தாது". கத்தோலிக்கர் பயன்படுத்தும், 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் "எதிர்நோக்கு ஒருபோதும் ஏமாற்றம் தராது". இந்த இரண்டு வரிக்கும் நடுவில்தான் என் சண்டை.

எப்படி இந்த மாற்றம் வந்தது? வயதான கத்தோலிக்கர்களைக் கேட்டால் தெரியும். காலை மாலைச் செபத்தில் மூன்று 'முயற்சி' (சிறு செபம்) சொல்லுவோம்: விசுவாச முயற்சி, நம்பிக்கை முயற்சி, தேவசிநேக முயற்சி. புரோட்டஸ்டண்டு சபைகளிலும் அதே வரிசைதான்: "விசுவாசம், நம்பிக்கை, அன்பு இம்மூன்றும் நிலைத்திருக்கிறது." சபைகள் பிரிந்து கிடந்த காலத்திலும் இந்தச் சொல்லில் பிரிவு இல்லை. பிறகு தனித்தமிழ்க் காற்று ஆலயத்துக்குள்ளும் அடித்தது. விசுவாசம் வடசொல், அது வேண்டாம் என்று தள்ளி வைத்தார்கள். காலியான நாற்காலியில் நம்பிக்கையைத் தூக்கி உட்கார வைத்தார்கள். அப்புறம் பார்த்தால் நம்பிக்கை எழுந்து வந்த நாற்காலி காலியாகக் கிடக்கிறது. அதை நிரப்ப வந்ததுதான் எதிர்நோக்கு. "நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு" என்று மூவர் அணி இப்படித்தான் மாறியது. ஆக, வடசொல்லை விலக்கக் கிளம்பியவர்கள் கடைசியில் விலக்கியது நல்ல தமிழ்ச் சொல் ஒன்றை, அது நூற்றாண்டுகளாக உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து. எனக்கு இதில்தான் ஆற்றாமை.

நல்ல தமிழ் என்று சும்மா சொல்லவில்லை. தொல்காப்பியம் உரியியலில் ஒரு நூற்பா: "நம்பும் மேவும் நசையா கும்மே." நம்பு, மேவு என்ற இரண்டு சொல்லுக்கும் பொருள் நசை, அதாவது விருப்பம், வேட்கை. இன்று 'நம்பு' என்றால் 'உண்மை என்று ஏற்றுக்கொள்' என்றுதான் முதலில் தோன்றுகிறது. அது பின்னால் படிந்த பொருள். அடியில் கிடப்பது ஆசை. நசை என்ன செய்யும் என்று தெரிய வேண்டுமா? குறள் 1263:

உரன்நசைஇ உள்ளம் துணையாகச் சென்றார்
வரல்நசைஇ இன்னும் உளேன்.

போனவர் திரும்பி வருவார் என்ற நசையால் நான் இன்னும் உயிரோடு இருக்கிறேன் என்கிறாள். காமத்துப்பாலில் வரும் இந்தப் பெண்ணுக்கும் கிறிஸ்தவத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லைதான். ஆனால் கிறிஸ்துமசுக்கு முந்தைய திருவருகைக் காலத்து மறையுரைகள் ஒரு மணி நேரம் சுற்றிச் சொல்ல முயல்வதை இவள் 'வரல்நசைஇ இன்னும் உளேன்' என்று மூன்று சொல்லில் முடித்துவிட்டாள். வரவில்லை, வருவார், அதனால் இருக்கிறேன். இந்த நசையின் உடன்பிறப்பு நம்பிக்கை. இதைவிடப் பொருத்தமான சொல் எந்த அகராதியிலிருந்து வரப்போகிறது?

சரி, எதிர்நோக்குக்கு வருவோம். அதற்கும் வக்கீல்கள் உண்டு. அவர்களுடைய நல்ல வாதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய கிரேக்கத்தில் எல்பிஸ் என்பது வெறும் எதிர்பார்ப்புதான், நல்லதையும் கெட்டதையும் சேர்த்து. பிளேட்டோ கூடக் கெட்டதை எதிர்பார்த்தால் அச்சம், நல்லதை எதிர்பார்த்தால் துணிவு என்று எல்பிஸையே இரண்டாகப் பிரிக்கிறார். அப்படியானால் நன்மை தீமை சாராத எதிர்நோக்குதானே சரி என்று கேட்பார்கள்.

சரிதான், பவுல் பிளேட்டோவிடம் கிரேக்கம் படித்திருந்தால். பவுலின் காதில் ஒலித்தது எபிரேய வேதத்தின் கிரேக்க மொழிபெயர்ப்பு. அதில் எல்பிஸ் என்ற சொல்லும் அதன் வினையும் எபிரேயத்தின் 'பாதாக்' என்ற சொல்லுக்கு ஈடாக அடிக்கடி வருகின்றன. பாதாக் என்றால் ஒருவர்மேல் சாய்ந்து நம்புவது. சங்கீதங்களில் "கர்த்தரை நம்பு" என்று வருவதெல்லாம் இந்த வகை. ஆக பவுலின் எல்பிஸில் இரண்டு இருக்கிறது: வரப்போவதன்மேல் ஆசை, வாக்குக் கொடுத்தவர்மேல் சாய்வு. தமிழ் நம்பிக்கையிலும் இதே இரண்டுதான் இருக்கிறது. எதிர்நோக்கில் இந்த இரண்டும் இல்லை. அதில் இருப்பது பார்வை மட்டும். கோபுரத்தில் நிற்கும் காவல்காரனும் எதிர்நோக்குகிறான், வருவது மழையா படையா என்று.

நண்பர் ஒருவர் கம்பனைத் தூக்கிக்கொண்டு வந்தார். "அண்ணலும் நோக்கினான் அவளும் நோக்கினாள்" என்பதில் காதல் இல்லையா, நோக்கு வெறும் பார்வையா என்று. நோக்கில் காதல் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 'எதிர்' சேர்ந்ததும் சொல்லின் முகம் கடுத்துவிடுகிறது. எதிர்நோக்கு என்ற வினை அன்றாடத் தமிழில் எங்கே புழங்குகிறது என்று பாருங்கள். சவால்களை எதிர்நோக்குகிறார்கள், நெருக்கடியை எதிர்நோக்குகிறார்கள், வழக்கை எதிர்நோக்குகிறார்கள். இலங்கைத் தமிழில் இது இன்னும் வலுவான வழக்கு. அங்கே செய்தித்தாளில் 'மக்கள் எதிர்நோக்கும் பிரச்சினைகள்' என்றால் யாருக்கும் வேறு பொருள் தோன்றாது. சோதனை முன்னால் வந்து நிற்கிறது, அதற்கு முகம் கொடுக்கிறார்கள். அந்த வாசகரிடம் போய் 'எதிர்நோக்கின் அடையாளம்' என்றால் எதைப் புரிந்துகொள்வார்? எங்கள் மன்றாட்டுத் தாளில் நடந்த விபத்து தற்செயலாக நடந்ததில்லை. சொல்லே அப்படி.

இன்னொரு சோதனை: எதிர்ச்சொல். நம்பிக்கைக்கு நம்பிக்கையின்மை, அவநம்பிக்கை, நம்பிக்கையிழந்தவன் என்று குடும்பமே இருக்கிறது. நம்பிக்கையூட்டு, நம்பிக்கைக்கீற்று என்றும் போகும். எதிர்நோக்குக்கு? 'எதிர்நோக்கற்றவர்' என்றால் கண் மருத்துவரிடம் அனுப்பத் தோன்றுகிறது. மருத்துவமனை வாசலில் அழுதுகொண்டிருப்பவரிடம் "எதிர்நோக்கோடு இருங்கள்" என்று எந்தச் சாமியாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? அங்கே அவர் வாயிலும் "நம்பிக்கையா இருங்கம்மா" என்றுதான் வரும். பலிபீடத்தில் ஒரு சொல், மனிதர் உடையும் இடத்தில் வேறு சொல் என்றால் எது உயிருள்ளது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வேடிக்கை என்னவென்றால், அதே 1995 மொழிபெயர்ப்பு எரேமியா 29:11இல் 'திக்வா' வரும் இடத்தில் "வளமான எதிர்காலத்தையும் நம்பிக்கையையும்" என்கிறது. பழைய ஏற்பாட்டில் நம்பிக்கை, புதிய ஏற்பாட்டில் எதிர்நோக்கு. நியாயமாக இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும்: பவர் மொழிபெயர்ப்பு அதே வசனத்தில் "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை" என்று போய்விட்டது. அந்த இடத்தில் நான் 1995இன் பக்கம்.

இறைவாக்கினர் எரேமியாவை எடுத்ததற்குக் காரணம் உண்டு. போருக்கு நடுவே நம்பிக்கை என்றால் என்ன என்று அவர் புத்தகத்தின் 32ஆம் அதிகாரம் காட்டுவதுபோல வேறு எதுவும் காட்டவில்லை. எருசலேமைப் பாபிலோன் படை முற்றுகையிட்டிருக்கிறது. எரேமியா காவலில். நகரம் விழும் என்று சொன்னதற்காகவே அவரை அடைத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் ஆனதோத்து ஊர் நிலம் ஒன்றைப் பதினேழு சேக்கல் வெள்ளிக்கு வாங்குகிறார். சாட்சிகள், முத்திரை, பத்திரம் எல்லாம் முறைப்படி. பத்திரத்தை மண்பாண்டத்தில் போட்டு வைக்கச் சொல்கிறார், நெடுநாள் இருக்கட்டும் என்று. எதிரி கையில் போய்க்கொண்டிருக்கும் மண்ணுக்கு எவன் காசு கொடுப்பான்? இனியும் இந்த நாட்டில் வீடும் நிலமும் திராட்சைத் தோட்டமும் வாங்குவார்கள் என்ற வாக்கை நம்பியவன் கொடுப்பான். எதிர்நோக்குபவன் சன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பான்.

எருசலேமுக்கு அருகே அனாட்டா என்ற பாலஸ்தீன ஊர் இன்றும் அந்தப் பழைய பெயரைச் சுமந்துகொண்டிருக்கிறது. அந்த மண்ணின் கிறிஸ்தவர்கள் இந்தச் சொல்லை எப்படிப் பிடித்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 2009 டிசம்பரில் பெத்லகேமில் பாலஸ்தீனக் கிறிஸ்தவர்கள் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். கைரோஸ் பாலஸ்தீனம் என்று பெயர். எருசலேமின் முன்னாள் லத்தீன் (கத்தோலிக்க) முதுபெரும் தந்தை மிஷேல் சப்பா போன்றவர்கள் அதன் பின்னால் நின்றார்கள். அரபியில் அதன் துணைத்தலைப்பில் மூன்று சொல்: ஈமான், ரஜா, மஹப்பா. விசுவாசம், நம்பிக்கை, அன்பு. அரபியில் அன்றாட ஆசைக்கு 'அமல்' என்று தனிச்சொல் இருக்கிறது. நாளை மழை வரும், மகனுக்கு வேலை கிடைக்கும் என்பதெல்லாம் அமல். இறைவன்மேல் வைத்த நம்பிக்கைக்கு ரஜா. அந்த அறிக்கை நம்பிக்கையை விளக்கும் விதமும் இதற்கு ஒத்துப்போகிறது. முதலில் கடவுள்மேல் உள்ள விசுவாசம், பிறகு நல்ல நாள் வரும் என்ற எதிர்பார்ப்பு, மாயையின் பின்னால் ஓடாமை. விடுதலை பக்கத்தில் இல்லை என்று தெரிந்தே பேசுகிறார்கள். தீமைக்குப் பணியாமல் எதிர்த்து நிற்பதும் நம்பிக்கைதான் என்கிறார்கள். எதிர்பார்ப்பு அதில் ஒரு கூறு மட்டும், அதுவும் இரண்டாவதாக. முழுமைக்கும் அதையே பெயராக வைக்க அவர்களுக்குத் தோன்றவில்லை.

"அப்படியானால் விசுவாசத்தைத் திரும்பக் கொண்டுவரச் சொல்கிறீர்களா, அது நாய்க்குச் சொல்லுகிற சொல் ஆயிற்றே?" என்று கேட்பார்கள். ஆமாம், கொண்டுவரத்தான் சொல்கிறேன். கிரேக்கத்தின் 'பிஸ்டிஸ்' என்ற சொல்லிலும் நம்புதல் பாதி, உண்மையாய் நிலைத்திருத்தல் பாதி. நாய் விசுவாசமாக இருக்கிறது என்றால் அடித்தாலும் விட்டுப் போகாது என்று பொருள். அதில் என்ன கேவலம்? வடசொல் என்பதால் தள்ள வேண்டுமென்றால் செபம், வேதம், ஞானஸ்நானம் என்று பெரிய பட்டியல் போட வேண்டிவரும். போட்டும் இருக்கிறார்கள், தெரியும். அந்தச் சண்டை இன்னொரு நாளைக்கு.

சமாதானம் என்ற சொல்லுக்கும் இதே கதி வந்துகொண்டிருக்கிறது, அதன் நாற்காலியில் அமைதி உட்காருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். யூபிலி மடலில் நம்பிக்கையின் முதல் அடையாளமாகச் சொல்லப்பட்டது உலக அமைதி. 2025 மே 8 அன்று புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட லியோ பாப்பரசர் மாடத்தில் வந்து முதலில் சொன்னதும் அதுதான். ஆயுதம் ஏந்தாத, ஆயுதத்தைக் கீழே போடவைக்கும் அமைதி என்றார். இத்தாலியத்தில் அது ஒரே வேரிலிருந்து பிறந்த இரட்டைச் சொல். தமிழில் 'நிராயுதபாணி அமைதி' என்று யாரோ வாசித்தபோது கையில் ஒன்றுமில்லாமல் அடி வாங்கும் அமைதி ஒன்று கண்முன் வந்தது. நூலகத்தில் "அமைதி காக்கவும்" என்று எழுதியிருப்பதும் அமைதிதான், ஊரடங்கு போட்ட தெருவில் இருப்பதும் அமைதிதான். எரேமியா திட்டுவது இந்த அமைதியைத்தான்: "சமாதானமில்லாதிருந்தும்: சமாதானம் சமாதானம் என்று சொல்லி" காயத்தை மேற்பூச்சாய்க் குணமாக்குகிறார்களே என்று. சமாதானத்தில் குறைந்தபட்சம் இரண்டு தரப்பு உட்கார்ந்து பேசித் தீர்த்த வாசனை இருக்கிறது. அதற்கும் 'சாக்குப்போக்கு' என்ற பொருள் உண்டு, "சமாதானம் சொல்லாதே" என்கிறோமே. இருந்தாலும் நான் அதைத்தான் எடுப்பேன்.

மன்றாட்டுத் தாள் எழுதிய தம்பியைப் பார்த்து இதையெல்லாம் பொறுமையாகச் சொன்னேன். அவனும் பொறுமையாகக் கேட்டான். "அடுத்த வாரம் மாத்திடுறேன் ஐயா" என்றான். மாற்றினான். "போரில் சிக்கித் தவிக்கும் காசா மக்கள் தங்கள் எதிர்நோக்கை இழந்துவிடாதிருக்க" என்று வாசித்தார்கள். முதல் எதிர்நோக்கு போய்விட்டது. இரண்டாவதைப் பற்றிக் கேட்டதற்கு, "அது பைபிள்ல இருக்கே ஐயா" என்றான்.