டைம்ஸ்டாம்ப்: குத்திய முத்திரையா, எண்ணிய நொடியா?

தண்டையார்பேட்டைத் தெருவில் யாரிடமாவது "டைம்ஸ்டாம்ப்" என்று சொன்னால் முழிப்பார்கள். "எத்தனை மணிக்கு சீல் குத்துனாங்க?" என்று கேளுங்கள், உடனே புரியும். துறைமுகத்துக்குள் போய்வரும் லாரிக்காரர்களுக்கும், மணலிப் பக்கம் ஷிப்டுக்கு பஞ்ச் அடிக்கிறவர்களுக்கும் இது அன்றாடச் சங்கதி. ஒரு காரியம் எப்போது நடந்தது என்று அது நடக்கும்போதே பதிந்துவைக்கும் அடையாளம்தான் டைம்ஸ்டாம்ப்.

ஏஐ ஏஜென்ட்டுகளுக்கான தேதி-நேர மாற்றிக் கருவி ஒன்றுக்குத் தமிழில் குறிப்பு எழுத உட்கார்ந்தபோது இந்தச் சொல்லோடு மல்லுக்கட்ட வேண்டியதாயிற்று. (ஏஜென்ட் என்றால் எங்கள் பக்கம் சரக்கு கிளியர் செய்து தருகிறவர். இங்கே சொல்வது, கேட்ட வேலைக்கு எந்தக் கருவியை எடுப்பது என்று தானே முடிவுசெய்யும் மென்பொருளை.)

ஸ்டாம்ப், ஜெர்மானிய மொழிக்குடும்பத்துச் சொல். இடிப்பது, மிதிப்பது என்பதுதான் அதன் பழைய பொருள். இடித்த இடத்தில் தடம் விழும். அந்தத் தடத்துக்கும் அப்புறம் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. 1661இல் இங்கிலாந்தின் அஞ்சல் தலைவர் ஹென்றி பிஷப், கடிதங்களில் தேதி முத்திரை குத்தும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். கடிதத்தை வழியில் யாரும் தாமதப்படுத்தினால் தெரிந்துவிடும் என்பது யோசனை. அந்த முத்திரையில் நாளும் மாதமும் மட்டும் இருந்தன, ஆண்டு இல்லை.

தமிழில் 'முத்திரை' வடமொழி வழி வந்தது. நம் பழைய சொல் 'பொறி'. காவிரிப்பூம்பட்டினத் துறையில் சரக்குப் பொதிகள்மேல் சோழரின் புலியைப் பொறித்து வெளியே அனுப்பியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. துறைமுகத்துப் பக்கத்திலேயே வளர்ந்தவனுக்கு 'நேரப்பொறி' என்று வைக்க ஆசை வராதா? ஆனால் இன்றைக்குப் பொறி என்றால் எலிப்பொறி, தீப்பொறி, மிஞ்சினால் பொறியியல். நேரத்தைப் பிடிக்கும் கூண்டு என்று யாராவது நினைத்துவிடுவார்கள். ஆசையை விட்டுவிட்டேன். ஏற்கெனவே புழங்கும் 'நேரமுத்திரை' நன்றாகவே இருக்கிறது.

சிக்கல் அதோடு தீரவில்லை. கணினிக்காரர்கள் இரண்டு பொருள்களை ஒரே பெயரில் அழைக்கிறார்கள். ஒன்று, மனிதர் படிக்கும் தேதியும் நேரமும். இன்னொன்று, 1970 ஜனவரி 1 நள்ளிரவு (உலகப் பொது நேரம்) தொடங்கி ஓடிய நொடிகளின் எண்ணிக்கை. 1700000000 என்ற எண்ணை எடுங்கள். பொது நேரப்படி அது 2023 நவம்பர் 14, இரவு 10:13:20. காசிமேட்டில் அப்போது நவம்பர் 15, விடியற்காலை 3:43:20. தேதியே மாறிவிட்டது. அதே எண்ணை நொடி என்று பார்க்காமல் மில்லிநொடி என்று எடுத்துக்கொண்டால் 1970 ஜனவரி 20க்குப் போய் விழும்.

குறிப்பின் முதல் வரைவில் நான் "டைம்ஸ்டாம்ப் கொடுக்கவும்" என்று மட்டும் எழுதியிருந்தேன். ஏஜென்ட் ஒருமுறை எண்ணை அனுப்பியது, மறுமுறை "நாளை காலை" என்று எழுத்தில் அனுப்பியது. அதைக் குறைசொல்ல முடியாது. கருவியின் குறிப்பைப் படித்துத்தான் அது என்ன அனுப்புவது என்று தீர்மானிக்கிறது. நான் எழுதியது அப்படி. தவிர, இப்போது மணி என்ன என்பது ஏஜென்ட்டுக்குள் இருந்து யோசிக்கும் மொழி மாதிரிக்கு (லாங்குவேஜ் மாடல்) தானாகத் தெரியாது. யாராவது சொன்னால்தான் 'நாளை' எந்த நாள் என்று கணக்கிட முடியும்.

அதனால் ஒரு சொல்லை இரண்டாகப் பிரித்தேன். படிக்கிற வடிவத்துக்கு நேரமுத்திரை, எண்ணுக்கு நொடியெண். இப்போது குறிப்பில் இருப்பது இது:

"நொடியெண்: 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய முழு நொடிகள், மில்லிநொடி அல்ல. நேர மண்டலம்: ஊர்ப்பெயரோடு, ஆசியா/கொல்கத்தா என்பதுபோல். விடை: நேரமுத்திரை, பொது நேரத்திலிருந்து எவ்வளவு தள்ளி என்பதையும் சேர்த்து."

இந்திய நேரத்தை ஐஎஸ்டி என்று சுருக்கி எழுத வேண்டாம். இஸ்ரேலுக்கும் அயர்லாந்துக்கும் அதே மூன்றெழுத்துதான். சென்னையில் உட்கார்ந்துகொண்டு கொல்கத்தா பெயரைப் போடுவது கொஞ்சம் உறுத்தும், ஆனால் நேர மண்டலத் தரவுத்தளத்தில் இந்தியா முழுமைக்கும் அந்தப் பெயர்தான்.

அந்தப் பெயருக்குள்ளேயே நம் ஊரும் ஒளிந்திருக்கிறது. 1890ஆம் ஆண்டின் ஏதாவது ஒரு நாளை ஆசியா/கொல்கத்தாவுக்கு மாற்றச் சொன்னால், உலகப் பொது நேரத்திலிருந்து 5 மணி 30 நிமிடம் தள்ளி என்பதற்குப் பதில் 5 மணி 21 நிமிடம் 10 நொடி என்று வரும். கருவி கெட்டுப்போய்விட்டது என்று எனக்கு எழுத வேண்டாம். 1906இல் இந்தியப் பொது நேரம் வரும்வரை நடப்பிலிருந்த மெட்ராஸ் நேரம் அது. ராயபுரம் ஸ்டேஷனில் அன்றைக்கு ரயில் கிளம்பியது அந்தக் கணக்கில்தான்.