லாரி மீட்டர்களில் எச்சரிக்கை விளக்கு எந்த அளவில் எரிய வேண்டும்?

எங்கள் பட்டறைக்குப் பராமரிப்புக்காக வந்த பாரந்தூக்கி லாரி ஒன்றின் டாஷ்போர்டில், தனியாக வாங்கிப் பொருத்திய மூன்று மீட்டர்கள் வரிசையாக இருந்தன. நடுவில் இருந்த ஆயில் பிரஷர் மீட்டரின் சிவப்பு விளக்கின் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் இரண்டு அடுக்காக ஒட்டப்பட்டிருந்தது. ஏன் என்று கேட்டதற்கு ஓட்டுநர் சங்கடத்துடன் சிரித்தார். "அது ஒவ்வொரு சிக்னல்லயும் எரியுதுண்ணே. ராத்திரில கண்ணு கூசுது. எரிஞ்சு எரிஞ்சு ஒண்ணும் ஆகல, அதான் ஒட்டிட்டேன்." அந்த விளக்குக்கு அளவு வைத்துக் கொடுத்தவன் நான்தான், ஆகவே அவரைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை.

சிங்கப்பூரில் சரக்கு வாகனத்தின் சட்டப்படியான ஆயுள் 20 ஆண்டுகள் என்பதால், முதல் 10 ஆண்டுகள் முடிந்ததும் சிஓஇ என்னும் வாகன உரிமைச் சான்றிதழைப் புதுப்பித்து ஓட்டப்படும் லாரிகள் ஏராளம். இத்தகைய பழைய டீசல் எஞ்சின்களுக்குத்தான் உரிமையாளர்கள் கூடுதல் மீட்டர் கேட்டு வருகிறார்கள், அது நியாயமான தேவையும்கூட. ஏனெனில் லாரியோடு வரும் வெப்ப மீட்டர்கள் பலவற்றில், ஏறத்தாழ 75 முதல் 105 டிகிரி செல்சியஸ் வரை எது இருந்தாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருப்பார்கள். முள் மேலே ஏறுவது கண்ணில் படும்போது காலம் கடந்திருக்கும். ஆயில் விளக்கும் அப்படியே: பெரும்பாலும் 0.3 முதல் 0.5 பார் அழுத்தத்துக்கு இறங்கிய பிறகுதான் எரியும், அப்போது பேரிங் தேயத் தொடங்கிவிட்டிருக்கும்.

ஆனால் மீட்டரைப் பொருத்துவதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. இந்த மீட்டர்களில் பல அமெரிக்கப் பிக்கப் வண்டிகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. கையேட்டில் பாரன்ஹீட்டும், அழுத்தத்துக்கான அமெரிக்க அலகான பிஎஸ்ஐயும் இருக்கும். மலைப்பாதையில் டிரெய்லர் இழுக்கும் வண்டிக்கான அளவுகள் முன்கூட்டியே பதிந்திருக்கும். இங்கே நாம் செல்சியஸிலும் பாரிலும் பேசுகிறோம். 220 பாரன்ஹீட் என்பது 104 செல்சியஸ், 1250 பாரன்ஹீட் என்பது 677 செல்சியஸ், ஒரு பார் என்பது 14.5 பிஎஸ்ஐ. இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன், ஏனென்றால் அலகை மாற்றிவிட்டு எச்சரிக்கை அளவை மாற்ற மறந்த மீட்டர்களை ஒன்றுக்கு மேற்பட்ட முறை கண்டிருக்கிறேன்.

மீட்டர் காட்டும் எண் உண்மையா என்று பார்த்த பிறகே விளக்கைப் பற்றி யோசிக்க வேண்டும். வெப்ப சென்சாரைச் சோதிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். கடல்மட்டத்தில் இருக்கும் ஊர் இது, கெட்டிலில் கொதிக்கும் தண்ணீர் 100 டிகிரிதான். சென்சாரை இணைப்போடு கழற்றி, அதன் உடலுக்கு ஓர் எர்த் கம்பி கொடுத்து, கொதிநீரில் அமிழ்த்தினால் மீட்டர் 98, 100, 101 என்று ஏதாவது காட்ட வேண்டும். 90 காட்டினால் அந்தப் பத்து டிகிரி வித்தியாசம் உங்கள் எச்சரிக்கையை விழுங்கிவிடும். மரையில் டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றிப் பொருத்திய சென்சாருக்கு எர்த் சரியாகக் கிடைக்காமல் அளவு தப்புவதும் அடிக்கடி நடப்பதே. பிரஷர் சென்சாரில் வேறொரு பொறி உண்டு: 0 முதல் 5 பார் வரையிலான மீட்டருக்கு 10 பார் சென்சாரைப் பொருத்திவிட்டால், உண்மையான அழுத்தத்தில் பாதியைத்தான் காட்டும். இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும், எண் சென்சாரின் உடலில்தான் பொறிக்கப்பட்டிருக்கும்.

எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் சூட்டைக் காட்டும் எக்ஸாஸ்ட் வெப்ப மீட்டரின் வயரிங்கை நான் மற்ற எதையும்விட அதிகம் சந்தேகிக்கிறேன். அந்தச் சென்சார் கே வகை தெர்மோகப்பிள், அதாவது இரு வேறு உலோகக் கம்பிகளின் இணைப்பில் எழும் சிறு மின்னழுத்தத்தைக் கொண்டு வெப்பத்தை அளப்பது. அதன் கம்பி நீளம் போதாவிட்டால் அதே வகைக் கம்பியால்தான் நீட்ட வேண்டும். சாதாரணச் செம்புக் கம்பியை எஞ்சின் அறையில் இணைத்து உள்ளே கொண்டுவந்தால், இணைத்த இடம் 70 டிகிரியிலும் கேபினில் உள்ள மீட்டர் 30 டிகிரியிலும் இருக்கும்போது, மீட்டர் ஏறத்தாழ 40 டிகிரி குறைத்துக் காட்டும். மீட்டர் 660 என்று சொல்லும், எஞ்சின் 700இல் இருக்கும், 700இல் வைத்த விளக்கும் எரியாது.

இனி அளவுக்கு வருவோம். ஒரு பாகம் எந்த எண்ணில் கெட்டுப்போகும் என்று கேட்டறிந்து, அந்த எண்ணிலேயே விளக்கை வைப்பதுதான் பலரும் செய்யும் தவறு. ஓட்டுநர் விளக்கைப் பார்த்து, அது எது என்று புரிந்துகொண்டு, கண்ணாடியைப் பார்த்து, ஓரமாக ஒதுங்கி நிறுத்த வேண்டும். ஆயர் ராஜா விரைவுச்சாலையில் நெரிசல் நேரத்தில் இடப்பக்கத் தடத்துக்கு வருவதற்கே ஒரு நிமிடம் பிடிக்கலாம். அந்த நேரத்தையும் சேர்த்துத்தான் அளவு வைக்க வேண்டும். அதே சமயம், அன்றாட வேலையில் லாரி சாதாரணமாகத் தொடும் எண்ணுக்குக் கீழே வைத்தால், நான் முதலில் சொன்ன கறுப்பு டேப்தான் மிஞ்சும். ஆகவே மீட்டரைப் பொருத்திய உடனே நான் அளவு வைப்பதில்லை. இரண்டு வாரம் விளக்கைத் தற்காலிகமாகத் தூரத்து எண்ணில் வைத்து, ஒரு சிறு நோட்டை ஓட்டுநரிடம் கொடுத்து, ஒவ்வொரு நாளும் கண்ட மிக உயர்ந்த, மிகக் குறைந்த எண்ணை, எந்த இடத்தில், எவ்வளவு பாரத்துடன் என்று எழுதச் சொல்கிறேன். சிலர் எழுதமாட்டார்கள். எழுதாதவருடைய லாரியில் நானே ஏறி ஒரு நடை போய்வருவேன்.

எஞ்சினைக் குளிர்விக்கும் நீரான கூலண்டின் வெப்பத்தில் இந்த நோட்டு நன்றாகக் கைகொடுக்கிறது. 82 டிகிரியில் திறந்து கூலண்டை ரேடியேட்டருக்கு விடும் தெர்மோஸ்டாட் வால்வு உள்ள எஞ்சின் ஓடும்போது 84 முதல் 92 வரை இருக்கும். பிற்பகலில் கட்டுமானத் தளத்தில் காற்றோட்டம் இல்லாமல் நின்றபடி கிரேனை இயக்கும்போது 96 வரை போகலாம். மரினா கடலோர விரைவுச்சாலையின் சுரங்கப் பகுதி மட்டும் ஏறத்தாழ 3.5 கிலோமீட்டர், அதில் 420 மீட்டர் கடலடிக்குக் கீழே செல்கிறது. முழுப் பாரத்துடன் அங்கிருந்து மேலேறும் லாரியிலும் இதே 96ஐக் கண்டிருக்கிறேன். மலை இல்லாத ஊர் என்று சொல்பவர்கள் அந்த ஏற்றத்தில் மீட்டரைப் பார்க்க வேண்டும். அந்த லாரிக்கு 102 என்று வைத்தேன். ரேடியேட்டர் மூடி 1.1 பார் அழுத்தம் தாங்கினால் வெறும் தண்ணீரே 120 டிகிரிக்குச் சற்று மேல்தான் கொதிக்கும் என்பதால், 102க்குப் பிறகும் ஓட்டுநருக்கு அவகாசம் இருக்கிறது. மூடியின் ரப்பர் செத்துப்போயிருந்தால் அந்த அவகாசம் கிடையாது. மூடியை மாற்றாமல் அளவு வைப்பது வீண்.

இதில் ஒரு விபரீதத்தையும் சொல்ல வேண்டும். ஹோஸ் வெடித்துக் கூலண்ட் முழுவதும் கொட்டிவிட்டால், சென்சார் நீரில் அல்லாமல் காற்றில் நிற்கும். அப்போது மீட்டர் ஏறாமல் இறங்கத் தொடங்கும். ஒருவர் 98இலிருந்து 80க்கு முள் இறங்கியதைக் கண்டு, எஞ்சின் ஆறிவிட்டது என்று நிம்மதியாக மூன்று கிலோமீட்டர் ஓட்டி, சிலிண்டர் ஹெட்டை வளைத்துவிட்டார். வெப்ப விளக்கு ஒன்றை மட்டும் நம்பாமல், கூலண்ட் மட்டத்துக்கும் தனியாக ஓர் எச்சரிக்கை வைப்பது இதனால்தான்.

எக்ஸாஸ்ட் வெப்பத்தைப் பொறுத்தவரை, சென்சார், புகையின் வேகத்தால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் தள்ளும் டர்போவுக்கு முன்னா பின்னா என்பதே முதற்கேள்வி. முன்னால் இருந்தால், 700 டிகிரியைத் தாண்டி நீடிக்கவிடக் கூடாது என்பது தொழிலில் பரவலாக உள்ள கணக்கு. பின்னால் இருந்தால், பாரத்தில் 100 முதல் 150 டிகிரி வரை குறைத்தே காட்டும். அங்கே 700 என்று வைத்தால் அந்த விளக்கு எரிவதற்குள் பிஸ்டன் போய்விடும். தூய அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடுமே, பிறகு 700 எப்படித் தாங்கும் என்று பயிற்சிக்கு வரும் இளைஞர்கள் கேட்பதுண்டு. அது வாயுவின் வெப்பம்; பிஸ்டனின் அடிப்பக்கத்தில் ஆயில் பீய்ச்சி அதன் சூட்டை வாங்கிக்கொண்டே இருக்கிறது. ஆகவே ஐந்து வினாடி 710 போவதும் இரண்டு நிமிடம் 710இல் நிற்பதும் ஒன்றல்ல. தாமத அமைப்பு உள்ள மீட்டரில் 660 என்று வைத்து, ஐந்து வினாடி நீடித்தால் எரியும்படி செய்கிறேன். எரிந்தால் ஆக்ஸிலரேட்டரைத் தளர்த்தி ஒரு கியர் இறக்க வேண்டும். வழக்கமான பாரத்திலேயே அடிக்கடி எரிந்தால் குற்றம் பெரும்பாலும் காற்றில் இருக்கும்: அடைத்த ஏர் ஃபில்டர், அல்லது டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் கிழிந்த ஹோஸ். அப்போது அந்தக் காற்றின் அழுத்தத்தைக் காட்டும் பூஸ்ட் மீட்டரும் வழக்கத்தைவிடக் குறைவாகக் காட்டும்.

2018 முதல் பதிவான யூரோ 6 புகைத்தர விதிப்படியான டீசல் லாரிகளில், புகைவடிகட்டி தன்னில் சேர்ந்த கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும்போது, வடிகட்டியின் வாயிலில் வெப்பம் ஏறத்தாழ 600 டிகிரியைத் தொடும். டர்போவுக்குப் பின்னால் சென்சார் வைத்தவர்கள் அந்த நேரத்தில் பயப்பட வேண்டியதில்லை, ஆனால் அளவு வைக்கும்போது அதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

மற்ற மீட்டர்களுக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. தானியங்கி கியர்பெட்டியின் ஆயிலுக்கு 110 டிகிரி போதுமானது. 24 வோல்ட் லாரியில் ஆல்டர்னேட்டர் 27.5 முதல் 28.4 வரை தரும், 25.5க்குக் கீழ் எரியட்டும். காற்று பிரேக்கின் எச்சரிக்கை மட்டும் தயாரிப்பாளர் வைத்ததாகவே இருக்கட்டும். அதில் யாரும் கை வைக்கக் கூடாது.

கறுப்பு டேப்புக்குத் திரும்புகிறேன். ஆயில் பிரஷருக்கு நான் 2 பார் என்று வைத்திருந்தேன். ஓடும்போது 3.5 காட்டும் எஞ்சின், சூடான நிலையில் ஐட்லிங்கில், அதாவது லாரி நின்றபடி எஞ்சின் மட்டும் மெதுவாக ஓடும்போது, 1.3தான் காட்டும், சிக்னலில் நின்றாலே விளக்கு எரிந்தது அதனால்தான். காலையில் குளிர்ந்த எஞ்சினில், கெட்டியான ஆயிலுடன் அளந்து வைத்தது என் பிழை. ஒரு மணி நேரம் வேலை செய்த பிறகு அளந்திருக்க வேண்டும். பிறகு 0.9க்கு இறக்கினேன், டேப்பை ஓட்டுநரே கிழித்தெறிந்தார். ஆனால் இதிலும் ஓர் ஓட்டை இருக்கிறது: எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் ஒவ்வோர் ஆயிரம் சுழற்சிக்கும் குறைந்தது 0.7 பார் வேண்டும் என்பது பழைய கணக்கு, அதன்படி 2,000 சுழற்சியில் அழுத்தம் 1.1க்கு விழுந்தால் அது பேராபத்து, ஆனாலும் 0.9இல் வைத்த விளக்கு எரியாது. ஒரே அளவை ஏற்கும் மீட்டரில் இதற்கு முழுத் தீர்வு இல்லை. நான் செய்வது ஒரு சிறு வேலை: மீட்டரைக் குழிக்குள் சற்றுத் திருப்பி, 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது மூன்று முள்களும் நேர் மேலே நிற்கும்படி வைத்துவிடுவேன். ஒரு முள் சாய்ந்தால் எண்ணைப் படிக்காமலே கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஆயில் விளக்கு எரிந்தால் மட்டும் எஞ்சினை உடனே அணைத்துவிட வேண்டும் என்று, ஓட்டுநருக்கு நான் கொடுக்கும் அட்டையில் சிவப்பில் எழுதியிருக்கும்.

ஏழு மாதங்கள் கழித்து அதே லாரி வந்தது. இப்போது பேசியவர் முதலாளி. "மறுபடியும் சிக்னல்ல எரிய ஆரம்பிச்சிருச்சு தம்பி. அன்னைக்கு இறக்கின மாதிரி இன்னும் கொஞ்சம் இறக்கி விட்டுருங்களேன்." ஒவ்வோர் ஆயில் மாற்றத்தின்போதும் சூடான ஐட்லிங் அழுத்தத்தை நான் குறித்துவைத்த பக்கத்தை எடுத்து அவரிடம் காட்டினேன்: 1.3, 1.3, 1.1, இப்போது 0.85. ஆயில் தரமும் அளவும் மாறவில்லை, சென்சாரும் சோதனையில் சரியாக இருந்தது. அரைமனதுடன் அவர் சம்மதித்த பிறகு ஆயில் பேனை இறக்கி, மூன்றாவது கனெக்டிங் ராடின் பேரிங்கைக் கழற்றினேன். சாம்பல் நிறப் பூச்சு முழுவதும் தேய்ந்து, அடியில் இருந்த செம்பு பளபளத்தது. கிராங்க் ஷாஃப்டில் இன்னும் கீறல் விழவில்லை.