நீச்சல் தெரிந்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: பழகாத ஆற்றில் குளிர்கால ஸ்டீல்ஹெட்

“அவனுக்கு நல்லா நீச்சல் தெரியும் டாக்டர். ஊர்ல கிணத்துல டைவ் அடிச்சு வளர்ந்தவன்.”

வாஷிங்டன் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் ஓர் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கடலிலிருந்து ஆறுகளுக்கு ஏறிவரும் ஸ்டீல்ஹெட் மீனைப் பிடிக்கும் சீசன் தொடங்கிவிட்டால் இந்த வாக்கியம் ஏதாவது ஒரு வடிவில் காதில் விழுந்துகொண்டே இருக்கும். போன வாரம் தமிழிலேயே விழுந்தது. முப்பதுகளில் இருக்கும் மென்பொருள்காரர். சியாட்டில் பக்கமிருந்து நண்பர்களோடு இரவோடு இரவாகக் கிளம்பி, அதுவரை ஒருவரும் பார்த்திராத ஓர் ஆற்றுக்குப் போயிருக்கிறார்கள். யூடியூபில் யாரோ ஒருவர் மீனோடு சிரித்துக்கொண்டு நின்ற அதே திருப்பத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அதே இடத்தில் இறங்கியிருக்கிறார்கள். வீடியோவில் தண்ணீர் முழங்காலுக்கு இருந்தது. இவர்கள் போனது பெருமழைக்கு மறுநாள்.

தண்ணீருக்குள் இருந்தது என்னவோ சில நிமிடம்தான். நனைந்த துணியோடு கரையில் கிடந்ததுதான் ஒரு மணி நேரத்துக்கு மேல். போனில் சிக்னல் இல்லை. மாற்றுத் துணி காருக்குள். கார் சாவி அவருடைய பாக்கெட்டில், தண்ணீர் புகுந்து செத்துப் போயிருந்தது. எலக்ட்ரானிக் சாவிக்குள்ளேயே ஓர் உலோகச் சாவி செருகியிருக்கும் என்பது அந்த நேரத்தில் ஒருவருக்கும் நினைவு வரவில்லை. ஆள் பிழைத்துக்கொண்டார். இப்போது நன்றாக இருக்கிறார். அதனால் கொஞ்சம் திட்டியே எழுதுகிறேன்.

அந்த நீச்சல் கதையை முதலில் பேசி முடித்துவிடலாம்.

நம் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் மார்கழிக் காலையிலும் 20 டிகிரிக்குக் கீழே இறங்காது. இந்த மாநிலத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கும் ஒலிம்பிக் தீபகற்பத்து ஆறுகள் ஜனவரியில் 4, 5 டிகிரியில் ஓடும். பிரிட்ஜில் இருக்கும் தண்ணீர் பாட்டிலின் குளிர் அது. அதற்குள் திடீரென்று விழுந்தால் உங்கள் உடம்பு செய்யும் முதல் வேலை நீந்துவதல்ல, வாயைத் திறந்து ஒரு பெரிய மூச்சை இழுப்பது. அது உங்கள் கட்டுப்பாட்டில் இல்லாத அனிச்சைச் செயல். அந்த நொடியில் முகம் தண்ணீருக்குள் இருந்தால் காற்றுக்குப் பதில் தண்ணீர் உள்ளே போகும். “நான் மூச்சடக்கி நீந்துவேன்” என்கிறவர்களுக்கும் இதே கதிதான். குளிர்ந்த நீரில் மூச்சை அடக்கும் திறன் பல மடங்கு குறைந்துவிடும். பயிற்சி எடுத்த நீச்சல் வீரருக்கும் குறையும்.

கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தில் குளிர்நீரில் மனித உடம்பு படும் பாட்டை ஆராய்ந்த கார்டன் கீஸ்பிரெக்ட் இதை 1-10-1 என்று சுருக்கிச் சொல்வார். மூச்சிரைப்பை அடக்க ஒரு நிமிடம். கை கால்கள் சொன்னபடி கேட்கும் காலம் பத்து நிமிடம். குளிரால் நினைவு தப்புவதற்கு ஒரு மணி நேரம். இந்தப் பத்து நிமிடத்தைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். கரையோரக் கிளை கைக்கு எட்டும், கையையும் நீட்டுவீர்கள், ஆனால் விரல் மடங்காது. நரம்பும் தசையும் குளிர்ந்துவிட்டால் நீச்சல் என்பது தலைக்குள் இருக்கும் வெறும் தகவல். செய்தித்தாளில் “குளிரில் விறைத்து இறந்தார்” என்று எழுதுகிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு விறைக்கும் அளவுக்கு நேரமே கிடைப்பதில்லை, அதற்கு முன்பே மூழ்கிவிடுகிறார்கள். கடைசியில் சொன்ன அந்த ஒரு மணி நேரம் உங்களுக்குக் கிடைக்க வேண்டுமென்றால் உடம்பில் லைஃப் ஜாக்கெட் இருக்க வேண்டும். காரில் இருக்கும் லைஃப் ஜாக்கெட் கணக்கில் வராது.

தெற்காசியர்களான நமக்கு மாரடைப்பு மற்றவர்களைவிடச் சில ஆண்டுகள் முன்னதாகவே வருகிறது. குளிர்நீரில் விழும் நொடியில் ரத்த அழுத்தமும் இதயத் துடிப்பும் ஒரேயடியாக எகிறும். நாற்பது தாண்டியவர்கள், சர்க்கரையோ பிரஷரோ உள்ளவர்கள், தனியாக ஆற்றில் இறங்கவே கூடாது.

நீச்சல் நம்பிக்கைக்கு நேர் எதிரான ஒரு மூடநம்பிக்கையும் உலவுகிறது: மார்பு வரை வரும் வேடர்ஸுக்குள் (ஆற்றில் இறங்கி நிற்கப் போடும் நீர் புகாத உடை) தண்ணீர் புகுந்தால் அது கல்லைக் கட்டியது போல ஆளை அடியில் இழுத்துவிடும் என்பது. தண்ணீருக்குள் தண்ணீருக்கு எடை கிடையாது. கரையேறும்போதுதான் கனக்கும். இடுப்பு பெல்ட்டை இறுக்கிக் கட்டினால் உள்ளே புகும் தண்ணீரும் குறையும். அந்த மூடநம்பிக்கையை நம்பிப் பதறுகிறவர்கள் ஆற்றின் நடுவில் வேடர்ஸைக் கழற்றப் பார்க்கிறார்கள், கையில் இருக்கும் பத்து நிமிடமும் அதிலேயே போய்விடுகிறது.

சரி, ஆற்றுக்கு வருவோம். நானும் ஸ்டீல்ஹெட் பிடிக்கிறவன்தான். போகாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் பழகாத ஓர் ஆற்றுக்குத் தேதியை முதலில் முடிவு செய்து, லாட்ஜுக்குப் பணம் கட்டி, லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு ஆறு எப்படி இருக்கிறது என்று பார்ப்பது தலைகீழான வழி. பணம் கட்டியவன் வெள்ளத்தைப் பார்த்தாலும் “வந்தது வந்துட்டோம், ஒரு ரெண்டு வீச்சு” என்பான்.

ஒலிம்பிக் தீபகற்பத்தில் இருக்கும் ஃபோர்க்ஸ் ஊரில் ஆண்டுக்குச் சுமார் 100 அங்குல மழை. அதில் பெரும்பங்கு நாம் மீன் பிடிக்க நினைக்கும் மாதங்களில்தான் கொட்டுகிறது. அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையம் முக்கியமான ஆறுகளில் எல்லாம் அளவுமானி வைத்து, நீரோட்டத்தைக் கிட்டத்தட்ட உடனுக்குடன் இணையத்தில் போடுகிறது. அளவு, வினாடிக்கு இத்தனை கன அடி. மேட்டூர் நீர்வரத்தைச் செய்தியில் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லித் தர வேண்டாம். ஆனால் எண்ணை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். ஹோ போன்ற பெரிய ஆற்றில் 2,500 கன அடி நல்ல மீன்பிடி நீர், ஒரு சிறிய ஆற்றில் அதுவே வெள்ளம். எண்ணைவிட முக்கியம், அந்த இணையதள வரைபடத்தில் கோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்பது. நீர் ஏறும் ஆற்றில் கால் வைக்கக் கூடாது. நீர் வடியும் ஆற்றில்தான் மீனும் கிடைக்கும். வெள்ளம் வடிந்து, கலங்கல் தெளிந்து, தண்ணீர் பச்சையாக, இரண்டு மூன்று அடி ஆழம் வரை கண்ணுக்குத் தெரியும் நாளுக்காகத்தான் உள்ளூர்க்காரர்கள் காத்திருப்பார்கள். சோல் டக் ஆறு சீக்கிரம் தெளியும். பனியாற்று வண்டலைச் சுமக்கும் ஹோ தெளிய நாள் பிடிக்கும். அதனால் ஓர் ஆற்றை மட்டும் நம்பித் திட்டம் போடாமல், மாற்றாக இரண்டு ஆறுகளையும், போகாமலே இருந்துவிடும் வாய்ப்பையும் சேர்த்துப் போடுங்கள்.

வானிலையில் மழை எவ்வளவு என்பதோடு உறைநிலை உயரத்தையும் (எந்த உயரத்துக்கு மேல் குளிர் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே இறங்குகிறது என்பதை) பாருங்கள். மலையில் பனியாக விழ வேண்டியது, பசிபிக்கிலிருந்து சூடான ஈரக்காற்று வந்தால் மழையாக விழும். கீழே கிடக்கும் பனியையும் சேர்த்துக் கரைக்கும். நீங்கள் நிற்கும் இடத்தில் தூறல்கூட இல்லாமல் ஆறு ஏறுவது இப்படித்தான். எதிர்க்கரைக்கோ நடுத் திட்டுக்கோ கடந்து போனவர்கள் திரும்ப முடியாமல் மாட்டிக்கொள்வதும் இப்படித்தான். இறங்கியதும் தண்ணீரின் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு வைத்து அவ்வப்போது பாருங்கள். குச்சி தண்ணீருக்குள் போனால், அல்லது ஓட்டத்தில் இலையும் சுள்ளியும் வரத் தொடங்கினால், தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வெளியே வாருங்கள்.

போகப் போக ஆழத்துக்குள் இறங்கும் ஆசைக்குக் காரணம் எனக்குத் தெரியும். ஆயிரம் வீச்சுக்கு ஒரு மீன் என்று இந்த மீனுக்குப் பெயர். காலையிலிருந்து ஒன்றும் கடிக்காவிட்டால், இன்னும் நான்கு அடி உள்ளே போனால் கிடைக்கும் என்று தோன்றும். கிடைக்காது. 5 டிகிரித் தண்ணீரில் ஸ்டீல்ஹெட் வேகமான நடு ஓட்டத்தில் நின்று சக்தியை வீணாக்குவதில்லை. மனிதன் நடக்கும் வேகத்தில் நகரும் தண்ணீரில், ஓட்டம் தணியும் ஓரங்களில் நிற்கும். தண்ணீர் கலங்கியிருந்தால் கரையை ஒட்டியே வரும். நீங்கள் தொடை ஆழத்தில் நிற்கும்போது மீன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கவும் வாய்ப்புண்டு. நடுத்தொடைக்கு மேல் போகாதீர்கள். அடி தெரியாத இடத்தில் கால் வைக்காதீர்கள். ஆணி பதித்த அடிப்பாகமுள்ள பூட்ஸும் ஊன்றுகோலும் இல்லாமல் பாசி பிடித்த உருண்டைக் கல்லில் நிற்பது வீரம் ஆகாது.

படகில் போகிறவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. ஒவ்வொரு வெள்ளத்திலும் மரங்கள் வேரோடு விழுந்து புதிய இடங்களில் குறுக்கே கிடக்கும். போன ஆண்டு வீடியோவில் வழி இருந்தது என்பதற்கு ஒரு மதிப்பும் இல்லை. தண்ணீர் மரத்தின் ஊடே போகும், உங்களை அங்கேயே அழுத்திப் பிடித்துக்கொள்ளும். பழகாத ஆற்றில் முதல் நாள் மாநில உரிமம் பெற்ற வழிகாட்டியோடு போங்கள். செலவுதான். நான் வேலை செய்கிற இடத்தின் பில் அதைவிடப் பெரிது.

பாதையும் அப்படியே. 2024 டிசம்பரில் ஹோ ஆறு தன் கரைச் சாலையின் ஒரு பகுதியை அரித்துத் தின்றது. மறுபடி திறக்க 2025 மே ஆனது. கிளம்பும் முன் சாலை இருக்கிறதா என்று பார்ப்பது இங்கே நகைச்சுவை அல்ல. டிசம்பரில் நாலரை மணிக்குச் சூரியன் மறைந்துவிடும், மரங்களுக்கு இடையே அதற்கும் முன்பே இருட்டிவிடும்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. ஒரே ஆறு, மேலே தேசியப் பூங்கா, நடுவில் மாநிலம், கீழே பழங்குடியினர் நிலம் என்று போகும். எல்லை மாறினால் விதி மாறும். பழங்குடியினர் நிலத்துக்குள் அவர்கள் அனுமதியில்லாமல் கால் வைக்காதீர்கள். ஆற்றில் அவர்கள் வலையைப் பார்த்து முகம் சுளிக்கவும் வேண்டாம், அது அமெரிக்க அரசோடு அவர்கள் போட்ட ஒப்பந்தம் தரும் உரிமை, 1974-இல் நீதிமன்றம் உறுதி செய்தது. மாநில மீன்வளத் துறை சீசன் நடுவிலேயே அவசர விதி போட்டு ஆற்றை மூடும், கிளம்பும் நாள் காலையில் அவர்கள் செயலியைத் திறந்து பாருங்கள். முதுகின் பின்பக்கத்துச் சின்னக் கொழுப்புத் துடுப்பு வெட்டப்படாத மீன் காட்டு மீன், வாஷிங்டனில் அதை விட்டாக வேண்டும். போட்டோவுக்காக முழுதாகத் தண்ணீரை விட்டுத் தூக்கவும் கூடாது. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். கண்ணில் தூண்டில் முள் ஏறினால் பிடுங்காதீர்கள், அப்படியே என்னிடம் கொண்டுவாருங்கள்.

விழுந்தேவிட்டால்? மல்லாக்கத் திரும்பி, கால்களை ஓட்டம் போகும் திசையில் நீட்டி, பாதங்களை மேலே வைத்துக்கொண்டு, கரை நோக்கிச் சாய்வாகக் கையைப் போடுங்கள். இடுப்பு தரை தட்டும்வரை எழுந்து நிற்க முயலாதீர்கள். கல்லிடுக்கில் பாதம் மாட்டினால் ஓட்டம் உங்களைக் கவிழ்த்துவிடும். குறுக்கே மரம் வந்து, தப்ப வழியே இல்லை என்றால் மட்டும் குப்புறத் திரும்பி அதை நோக்கி வேகமாக நீந்தி மேலே ஏறுங்கள், அடியில் போய்விடாதீர்கள். நண்பர்களே, நீங்கள் குதிக்காதீர்கள். கயிறு வீசுங்கள், கம்பு நீட்டுங்கள்.

வெளியே எடுத்ததும் நம் ஆட்கள் செய்வதுதான் எனக்குத் தாங்கவில்லை. உள்ளங்கை, உள்ளங்கால் எல்லாம் தேய்ப்பது, “நட, நட, சூடு வரும்” என்று நடக்க வைப்பது, ஒரு பெக் ஊற்றிக் கொடுப்பது. மூன்றும் கூடாது. தேய்த்தாலும் நடக்க வைத்தாலும் கை கால்களில் குளிர்ந்து கிடக்கும் ரத்தம் இதயத்துக்குத் திரும்பும். மது தோலின் ரத்தக் குழாய்களை விரித்து, உள்ளே மிச்சமிருக்கும் சூட்டையும் வெளியேற்றும். படுக்க வையுங்கள். நனைந்த துணியை இழுத்துக் கழற்றாமல் வெட்டி எடுங்கள். தலை உட்பட எல்லாவற்றையும் உலர்ந்த போர்வையில் சுற்றுங்கள். தெளிவாகப் பேசி, விழுங்க முடிந்தால் மட்டும் சூடான இனிப்பான பானம். நடுக்கம் நின்றுவிட்டதே என்று நிம்மதி அடையாதீர்கள். உடம்பு சூடாகாமல் நடுக்கம் மட்டும் நின்றால் நிலைமை மோசமாகிறது என்று பொருள்.

மாற்றுத் துணியை நீர் புகாத பையில் கட்டி உங்களோடு ஆற்றங்கரைக்கே கொண்டுபோங்கள். ஜீன்ஸ், பருத்தி பனியன் வேண்டவே வேண்டாம், கம்பளியோ பாலியஸ்டரோ போடுங்கள். கார் சாவியும் நீர் புகாத உறையில் இருக்கட்டும். ஃபோர்க்ஸைத் தாண்டினால் பல இடங்களில் சிக்னல் கிடையாது. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவியோ, அந்த வசதியுள்ள போனோ குழுவில் ஒருவரிடமாவது இருக்க வேண்டும், அதை அழுத்தும் விதம் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

வீட்டில் இருப்பவரிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்: எந்த ஆறு, எந்த இறங்குதுறை, கார் எண், எத்தனை மணிக்குள் போன் செய்வேன். அதோடு அந்த ஆறு எந்தக் கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) இருக்கிறது என்பதையும். ஹோ என்றால் ஜெஃபர்சன், ஃபோர்க்ஸ் என்றால் கிளாலம். இந்த மாநிலத்தில் காணாமல் போனவரைத் தேடுவது அந்தந்த கவுண்டியின் காவல் தலைவரான ஷெரிஃபின் பொறுப்பு. சியாட்டில் பக்கத்து ரெட்மண்டில் இருக்கும் மனைவி அவசர எண் 911-ஐ அழைத்தால் அது அவர் இருக்கும் ஊரின் கட்டுப்பாட்டு அறைக்குத்தான் போகும். “எந்த கவுண்டிம்மா?” என்று அங்கிருந்து கேட்கும்போது அவர் கையில் அந்தத் தாள் இருக்க வேண்டும்.