கைராத்: ரோசமா, ஊக்கமா?

முதலில் எழுத்தைச் சரிசெய்துகொள்வோம். கஜகஸ்தானின் அல்மாட்டி நகரத்துக் கால்பந்து கிளப்பின் பெயரை ஆங்கில எழுத்தில் பார்த்ததும் 'கைரட்' என்று எழுதத்தான் தோன்றும். கஜாக் மொழியில் கடைசியில் வருவது நாக்கு பல்லைத் தொடும் 'த்'. நடுவில் உள்ள உயிர் வாய் திறந்து, அழுத்தத்தோடு வருகிறது. அதனால் 'கைராத்' என்பதே உச்சரிப்புக்கு நெருக்கம். முதல் ஒலி நம் ககரத்தைவிடக் கொஞ்சம் உள்ளே, தொண்டைக்கு அருகில் பிறக்கும். அதற்குத் தமிழில் தனி எழுத்து இல்லை, 'கை' போதும்.

இந்தியிலும் உருதிலும் 'கைராத்' என்றால் தர்மம், பிச்சை. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. தர்மம் என்ற பொருள் தரும் சொல் நன்மையைக் குறிக்கும் அரபு வேரிலிருந்து வந்தது. நம் கைராத்தின் வேர் வேறு.

அதுவும் அரபுதான். 'கைரா' என்ற அந்த அரபுச் சொல்லுக்குத் தனக்கு உரியதில், தான் மதிப்பதில் இன்னொருவர் கை வைக்கும்போது உள்ளே பொங்கும் உணர்வு என்று பொருள். பொறாமை என்றும் சொல்லலாம், காக்கத் துடிக்கும் வேகம் என்றும் சொல்லலாம். பாரசீகம் வழியாக இந்தச் சொல் எங்கெங்கோ போனது. உருதில் 'கைரத்' என்றால் மான உணர்வு. 'பே' என்ற எதிர்மறை முன்னொட்டைச் சேர்த்து ஒருவரைத் திட்டினால் அது பெரிய வசவு. நம் ஊரில் 'ரோசம் கெட்டவன்', 'சூடு சொரணை இல்லாதவன்' என்று சொல்வோமே, அதே இடம், அதே வலி. வடமொழியில் கோபம் என்று மட்டுமே இருந்த 'ரோஷம்' தமிழ்ப் பேச்சில் மானத்தோடு சேர்ந்து 'மானம் ரோசம்' என்று ஆனதை நினைத்தால், சொற்கள் எப்படி இடம் மாறுகின்றன என்பது புரியும்.

துருக்கிக்குப் போனபோது அந்தச் சொல் சூடு தணிந்து 'முயற்சி' ஆனது. சோர்ந்து நிற்பவரைத் தட்டிக்கொடுக்க அங்கே 'கய்ரெத்' என்பார்கள். கஜாக் சமவெளியில் அது இன்னும் ஒரு படி உள்ளே போய், செயலைத் தொடங்கவும் முடிக்கவும் மனிதனுக்குள் இருக்கும் விசை என்ற பொருளைப் பெற்றது. அங்கே 'கைராத்'தோடு 'ஜிகெர்' என்ற சொல்லையும் சேர்த்து இரட்டையாகச் சொல்வது வழக்கம். ஜிகெர் என்பது பாரசீகத்தில் ஈரலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. துணிச்சலுக்கு ஓர் உறுப்பைத் தேடுவது எல்லா ஊரிலும் உண்டு போல. இந்தியில் இதயத்தைக் குறிக்கும் சொல்லைத்தானே நாம் 'தில்லு' என்று வைத்துக்கொண்டோம்.

கஜாக் மொழியில் இந்தச் சொல்லின் எல்லையைத் தெளிவாகக் காட்டியவர் கவிஞர் அபாய் குனன்பாயுலி (1845–1904). அவர் உரைநடையாக எழுதிய 45 'சொற்'களில் 17ஆவது ஒரு வழக்கு. கைராத், அறிவு, இதயம் மூன்றும் தங்களில் யார் பெரியவர் என்று கேட்டுக் கல்வியறிவிடம் போய் நிற்கின்றன. நான் இல்லாமல் எதுவும் நடக்காது, சலிக்காமல் உழைப்பதும் கற்பதும் என்னால்தான் என்கிறது கைராத். உன் வலிமை உண்மைதான், ஆனால் சில நேரம் நல்லதைப் பற்றிக்கொள்கிறாய், சில நேரம் கெட்டதையும் அதே பிடியாகப் பிடித்துக்கொள்கிறாய் என்று கல்வி பதில் சொல்கிறது. மூவரும் ஒன்றாக இருங்கள், இதயம் சொல்வதைக் கேளுங்கள் என்பது தீர்ப்பு.

இதைப் படித்தபிறகுதான் கைராத்துக்குத் தமிழ்ச் சொல் எது என்பதில் எனக்கு ஒரு தெளிவு வந்தது. முதலில் மனதில் வந்தது 'நெஞ்சுரம்'. அழகான சொல்தான், ஆனால் அபாயின் வழக்கில் நெஞ்சு தனிக் கட்சி, கைராத் தனிக் கட்சி. நெஞ்சுரம் என்றால் இருவரையும் ஒரே ஆளாக்கிவிடுவோம். வெறும் 'உரம்' சரியாக இருக்கும், ஆனால் இன்று அந்தச் சொல்லைக் கேட்டால் வயலுக்குப் போடுவதுதான் நினைவுக்கு வரும். 'வலிமை' உடம்போடு நின்றுவிடுகிறது. 'வீரம்' போர்க்களத்துக்குப் போய்விடுகிறது.

மிஞ்சுவது 'ஊக்கம்'. அதுதான் சரி என்று உறுதியாகச் சொல்வேன். அரசனுக்கு வேண்டியவற்றை அடுக்கும்போது வள்ளுவர் 'அறிவூக்கம்' என்று அறிவையும் ஊக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில், ஆனால் தனித்தனியாக வைக்கிறார். அபாய் பிரித்த அதே பிரிவு. விளையாட்டுச் செய்தியில் 'ஊக்கமருந்து' என்ற கெட்ட பெயரோடு இந்தச் சொல் ஒட்டிக்கொண்டது வருத்தம்தான், அதற்காக நல்ல சொல்லைக் கைவிட முடியாது.

சரி, ஒரு கால்பந்து அணிக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது? சோவியத் காலத்தில் கிளப்புகள் பெரும்பாலும் தொழில், துறை சார்ந்த விளையாட்டுச் சங்கங்களின் பெயரில்தான் இருந்தன. 1954இல் தொடங்கிய இந்த அணிக்கும் முதலில் ரயில்வேயின் 'லோகோமோட்டிவ்', அப்புறம் விளைச்சல் என்று பொருள்படும் 'உரோஷாய்' போன்ற ரஷ்யப் பெயர்கள்தான். 1956இல் கஜகஸ்தானின் கிராமப்புற விளையாட்டுச் சங்கம் 'கைராத்' என்ற பெயரைத் தாங்கியபோது அணிக்கும் அதுவே பெயரானது. பக்கத்து தாஷ்கண்டில் இதே போன்ற அணிக்கு 'பக்தாகோர்', அதாவது பருத்தி விவசாயி என்று பெயர். அல்மாட்டிக்காரர்கள் தொழிலின் பெயரை விட்டுவிட்டு ஒரு குணத்தின் பெயரைப் பெற்றார்கள்.

1960இல் கைராத் சோவியத்தின் முதல்நிலை லீக்கில் நுழைந்தது. மொத்தம் 24 பருவங்கள் அங்கே ஆடியது. கஜகஸ்தானிலிருந்து வேறு எந்த அணியும் அந்த லீக்கில் ஆடியதில்லை. 'மக்கள் அணி' என்று இன்றும் அழைக்கப்படுவதற்கு அது ஒரு காரணம்: ஒரு முழுக் குடியரசுக்கும் இருந்தது இந்த ஒன்றுதான். 1963இல் சோவியத் கோப்பையின் அரையிறுதி வரை போனது. லீக்கில் அதன் உச்சம் 1986இல் பிடித்த 7ஆம் இடம்.

அதே 1986 டிசம்பரில் அதே நகரத்தில் இந்தச் சொல் வேறொரு காரணத்துக்காக மக்கள் வாயில் விழுந்தது. கஜகஸ்தானின் தலைவர் குனாயெவை நீக்கி, மாஸ்கோ வெளியாளான கோல்பினை அமர்த்தியதும் இளைஞர்கள் சதுக்கத்தில் திரண்டார்கள். அதற்காகத் தண்டிக்கப்பட்டவர்களில் ஒரு மாணவரின் பெயர் கைராத் ரிஸ்குல்பெகோவ். மரண தண்டனை சிறைத்தண்டனையாகக் குறைக்கப்பட்டது, ஆனால் 1988இல் அவர் சிறையிலேயே இறந்தார். 1996இல் நாடு அவருக்கு 'மக்கள் வீரர்' பட்டம் அளித்தது. கைராத் அங்கே ஆண்களுக்குச் சகஜமாக வைக்கும் பெயர், அணிக்கும் இவருக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனாலும் அல்மாட்டிக்காரர் ஒருவர் அந்தச் சொல்லைச் சொல்லும்போது இரண்டும் சேர்ந்துதான் ஒலிக்கும் என்று நினைக்கிறேன்.

சுதந்திரத்துக்குப் பிறகு 1992இல் கஜகஸ்தானின் முதல் லீக் பட்டத்தையும் முதல் கோப்பையையும் கைராத்தே வென்றது. அடுத்த பட்டம் 2004இல். பிறகு பணம் போட்டவர்கள் விலக, கடனில் சிக்கி, 2009இல் இரண்டாம் நிலை லீக்கில் ஆட வேண்டிய நிலை. ஊக்கம் உள்ளவன் ஒடுங்கி இருப்பது, ஆட்டுக்கடா மோதுவதற்காகப் பின்வாங்குவது போன்றது என்று குறள் சொல்வதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை. மேலே வந்தார்கள். ரஷ்யாவின் அர்ஷாவின் போன்றவர்கள் வந்து ஆடினார்கள். 2020இலும் 2024இலும் மீண்டும் சாம்பியன்.

2025 ஆகஸ்ட் 26ஆம் தேதி இரவு அல்மாட்டி மத்திய மைதானம். ஸ்காட்லாந்தின் செல்டிக்குடன் சாம்பியன்ஸ் லீக் தகுதிச்சுற்றின் கடைசிக் கட்டம். கிளாஸ்கோவில் நடந்த முதல் ஆட்டத்தில் கோல் இல்லை. இங்கே 90 நிமிடத்தில் இல்லை, கூடுதல் 30 நிமிடத்திலும் இல்லை. ஆக மொத்தம் 210 நிமிடம் தாக்குப்பிடித்துப் பெனால்டிக்கு வந்தார்கள். செல்டிக் அடித்த ஐந்தில் மூன்று உள்ளே போகவில்லை. கடைசியாக ஜப்பானின் டைசென் மயேடா அடித்த பந்தை இளம் கோல்கீப்பர் தெமிர்லான் அனார்பெகோவ் தடுத்தார். 3–2. பிரதானச் சுற்றுக்கு கைராத் போனது அதுவே முதல் முறை.

அங்கே லிஸ்பனில் ஸ்போர்ட்டிங்கிடம் 1–4 என்று தோற்றார்கள். அந்த ஆட்டத்துக்கு ஒருவழிப் பயணமே சுமார் 6,900 கிலோமீட்டர். சொந்த மண்ணில் ரியல் மாட்ரிட்டிடம் 0–5. அக்டோபரில் சைப்ரஸின் பாஃபோஸுடன் 0–0 எடுத்து முதல் புள்ளியைச் சேர்த்தார்கள்.

எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பெயரை மொழிபெயர்த்து 'ஊக்கம் அணி' என்று போட வேண்டாம், பெயர் பெயராகவே இருக்கட்டும். முதல் முறை வரும்போது மட்டும் 'கைராத், அதாவது ஊக்கம்' என்று ஒரு முறை சொல்லிவிட்டால் போதும். 2013, 2015 ஆண்டுகளில் ஐரோப்பிய ஃபுட்சால் கோப்பையை வென்ற 'கைராத்'தும் அல்மாட்டிதான், ஆனால் அது உள்ளரங்கில் ஐந்து பேர் ஆடும் ஆட்டத்துக்கான அணி. அந்தக் கோப்பைகளை இந்த அணியின் கணக்கில் சேர்க்கக் கூடாது.