ஈடுகொடுக்கும் நூலகம்

'மாறிவரும் நகரச் சூழலுக்குப் பதிலளிக்கும் நூலகம்.' இந்த மாதத்தில் மூன்றாவது முறையாக இந்தத் தொடர் மொழிபெயர்ப்புகளில் கண்ணில் பட்டுவிட்டது. சூழல் அப்படி என்னதான் கேட்டது?

'பதிலளிக்கும்' என்பதன் மூலம் 'ரெஸ்பான்சிவ்' என்ற ஆங்கிலச் சொல். லத்தீனில் 'ஸ்பொந்தேரே' என்றால் வாக்குக் கொடுப்பது. 'ரெ' சேர்ந்தால் வாக்குக்கு வாக்கு. வேர்க்கதை அவ்வளவுதான்.

கட்டடக்கலையில் அதன் பொருள் தெரிய, கனடாவின் கால்கரி நடுவண் நூலகத்தைப் பார்க்கலாம். 2018 நவம்பரில் திறந்தது. அதன் மனைக்குள் நகர ரயில் தடம் அரைவட்டமாக வளைந்து சுரங்கத்துக்குள் இறங்குகிறது. வடிவமைத்த ஸ்னோஹெட்டா நிறுவனம் தடத்தோடு மல்லுக்கட்டவில்லை. அதை மூடி, நூலகத்தை மேலே ஏற்றிவிட்டது. ரயில் பாட்டுக்கு ஓடுகிறது. தடத்துக்கு இருபுறமும் பிரிந்து கிடந்த நகர மையமும் ஈஸ்ட் வில்லேஜ் பகுதியும் நடந்து கடக்கும் தூரமாகிவிட்டன.

இதைப் போய் 'பதில்' என்பதா? 'எதிர்வினையாற்றும்' என்பவர்களோடுதான் எனக்குப் பெரிய வழக்கு. வினை நடந்த பிறகு வருவது எதிர்வினை. அதில் கொஞ்சம் முறைப்பும் இருக்கிறது. அமைச்சர் பேச்சுக்கு எதிர்வினை வரும், சரி. ஆனால் பின்லாந்துத் தலைநகர் ஹெல்சிங்கியில் இருக்கும் 'ஓடி' (Oodi) என்ற நூலகத்தை என்ன செய்வது? பின்னாளில் அடியில் சுரங்கச் சாலை வரலாம் என்று, 100 மீட்டருக்கு மேல் நீளும் எஃகு வளைவுகளில் அதைப் பாலம்போல நிறுத்தினார்கள். இன்னும் வராத சாலைக்கு எப்படி எதிர்வினையாற்றுவது? அறிவியல் பாடநூல் இதே சொல்லுக்குத் தரும் 'துலங்கல்' தொட்டாற்சிணுங்கிக்குப் பொருந்தும். கட்டடத்துக்கு வேண்டாம்.

இன்னொரு வேடிக்கை. 'நூலகம்' என்றுதான் எழுதவேண்டும், 'லைப்ரரி' கூடாது என்று அடம்பிடிக்கும் அதே மொழிபெயர்ப்பாளர்கள் கூசாமல் 'பதில்' என்கிறார்கள். அது அரபியின் 'பதல்' வழி வந்தது. வந்த சொல்லை நான் விரட்டச் சொல்லவில்லை. அகராதியில் முதலில் நிற்கும் பொருளை அப்படியே ஒட்டவைக்கும் சோம்பலைத்தான் சொல்கிறேன்.

என் பரிந்துரை: ஈடுகொடுத்தல். 'ஈடு' என்றால் நிகர், அடகுப்பொருளும் ஈடுதான். லத்தீன் வேரில் இருக்கும் உறுதிமொழி வாசனை தற்செயலாக இதிலும் வீசுகிறது. 'மாறும் நகருக்கு ஈடுகொடுக்கும் நூலகம்' என்றால் விளக்கவுரை தேவையில்லை. 'இயைந்த' என்றும் சொல்லலாம்தான், ஆனால் அது அசையாமல் உட்கார்ந்திருக்கும் சொல்.

மொழிபெயர்ப்பு வேலையில் இருக்கும் நண்பரிடம் இதைச் சொன்னேன். "என்னங்க, எங்க பாட்டி பேசுற மாதிரி இருக்கே" என்றார். அப்புறம் என்ன, வேலை முடிந்தது.