எழும்பினவுடன் கண் இருட்டுவது ஏன்?

வன்னியில் பல வீடுகளில் கக்கூசு வளவுக்குள் தள்ளித்தான் இருக்கும். இரவு இரண்டு மணிக்குச் சலம் முட்டி எழும்புகிற ஐயா, பாயிலிருந்து நேரே எழுந்து, டோர்ச்சைத் தட்டித் தேடி, விறாந்தைப் படியில் இறங்குவார். கண் இருட்டி விழுந்தால் பழி இருட்டுக்கும் படிக்கும் போகும். எழுந்த வேகத்தை யாரும் விசாரிப்பதில்லை.

படுத்திருந்தவர் எழுந்து நின்றதும் 500 முதல் 800 மில்லிலீற்றர் வரை இரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடும். இதயத்துக்குத் திரும்பி வரும் இரத்தம் குறைய, பிரஷரும் விழும். மூளைக்குப் போகும் நாடி கழுத்தில் கிளை பிரிகிற இடத்தில், அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் உள்ளன. அவை செய்தி அனுப்பியதும் இதயம் வேகமாக அடிக்கும், இரத்தக் குழாய்கள் இறுகும், சில செக்கன்களில் எல்லாம் சரியாகிவிடும். வயது போகப் போக இந்த ஏற்பாடு மந்தமாகிறது. பல வருடம் சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு, செய்தியைக் கொண்டுபோகும் நரம்பே பழுதாகியிருக்கலாம்.

இதோடு சோளகம் வீசுகிற வறண்ட மாதங்களும் சேர்ந்துகொள்கின்றன. முதியவர்களுக்குத் தாக உணர்வு குறைவு. சிறுநீரகமும் முன்போல நீரை மிச்சம் பிடிக்காது. வெயிலுக்குத் தோலின் குழாய்கள் விரிய, மூளைக்கு ஏற வேண்டிய இரத்தம் இன்னும் குறைகிறது. மத்தியானம் வயிறு நிறையச் சோறு சாப்பிட்டால், அடுத்த இரண்டு மணி நேரம் குடலும் தன் பங்கை இழுக்கும். கள்ளு குழாய்களை விரிப்பதால், அதைக் குடித்துவிட்டு எழும்புவது இன்னும் மோசம்.

குளிசைகளையும் பார்க்க வேண்டும். பிரஷருக்கும் புரொஸ்டேட்டுக்கும் கொடுக்கப்படும் பிராசோசின், டம்சுலோசின், சலம் போக வைக்கும் புருசமைட், நித்திரைக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கிற அமிற்றிப்டிலின் ஆகியவை நிற்கும்போது பிரஷரை விழுத்தக்கூடியவை. பிராசோசினின் முதல் குளிசை சிலரை மயங்கியே விழ வைக்கும். அதற்காக யாரும் தாங்களாகக் குளிசையை நிறுத்தக் கூடாது. அளவையோ நேரத்தையோ மாற்றுவது வைத்தியரின் வேலை.

கிளினிக்கில் கதிரையில் இருத்திப் பார்க்கும் ஓர் அளவில், எழும்பும்போது பிரஷர் விழுவது பிடிபடாது. ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒருமுறை, எழுந்து நின்று ஒரு நிமிடத்தில் ஒருமுறை, மூன்றாம் நிமிடத்தில் ஒருமுறை அளக்க வேண்டும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் அதுதான் வருத்தம். உதாரணமாக, படுக்கையில் 150/80 இருந்தது நிற்கையில் 122/70 ஆவது. வீட்டு மெசினில் பார்ப்பவர்கள் பெரும்பாலும் தவறுவது கையில்தான். நிற்கும்போது கையைத் தொங்கவிட்டால், பட்டி இதயத்திலிருந்து கீழே இறங்கும் ஒவ்வொரு 10 சென்ரிமீற்றருக்கும் கிட்டத்தட்ட 8 கூடக் காட்டும். விழுந்த பிரஷர் விழாததுபோலத் தெரியும். ஆகவே மேசையிலோ இன்னொருவர் கையிலோ முழங்கையைத் தாங்கி, பட்டியை நெஞ்சு மட்டத்தில் வைத்திருங்கள். நாடித் துடிப்பையும் கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள். பிரஷர் விழுந்தும் துடிப்பு ஏறாவிட்டால் நரம்புப் பழுதைச் சந்தேகிக்கலாம். துடிப்பு நன்றாக ஏறினால் நீர் குறைவைச் சந்தேகிக்கலாம்.

எழும்பும் முன் படுத்தபடியே பாதத்தை மேலும் கீழும் இருபது முப்பது தரம் அசையுங்கள். கெண்டைக்கால் தசை இறுகும்போது கீழே தேங்கிய இரத்தம் மேலே ஏறும். பிறகு கட்டில் ஓரத்தில் ஒன்று இரண்டு நிமிடம் இருந்து, எதையாவது பிடித்துக்கொண்டு எழுங்கள். குந்தியிருந்து எழும்போதுதான் பிரஷர் கூடுதலாக விழும். குந்துகிற கக்கூசுச் சுவரில் ஒரு கைபிடி அடிப்பது பெரிய செலவில்லை. இரவில் கட்டிலோரம் ஒரு வாளியோ போத்தலோ வைத்தால் வளவு நடையே தேவையில்லை, வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆண்களும் இருந்துகொண்டே சலம் கழிப்பது நல்லது. கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு 10 முதல் 15 சென்ரிமீற்றர் உயரத்துக்குக் கல் வைத்தால் இரவில் சேரும் சலமும் குறையும். காலையில் எழும்ப முன் இரண்டு டம்ளர் தண்ணீரைக் கெதியாகக் குடித்தால் பலருக்குச் சில நிமிடங்களில் பிரஷர் ஏறும். இதய, சிறுநீரக வருத்தத்துக்காக நீரைக் கட்டுப்படுத்தச் சொல்லப்பட்டவர்களுக்கு இது பொருந்தாது. வெறுவயிற்றில் சீனி பார்க்கப் போகும் நாளில் வெறும் தண்ணீர் குடிக்கலாம். அதையும் விட்டுவிட்டு பஸ்ஸில் நின்றபடி போகிறவர்கள்தான் வரிசையில் சரிகிறார்கள்.

மயங்கியவரைத் தூக்கிக் கதிரையில் இருத்தாதீர்கள். மல்லாக்கப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். நினைவு தெளியும் முன் வாயில் சோடாவோ தேத்தண்ணியோ ஊற்றினால் புரையேறும். நெஞ்சு நோ, வாய் கோணல், பேச்சுக் குழறல், கறுப்பு மலம் இருந்தாலோ, இரத்தம் உறையாமலிருக்கக் குளிசை எடுப்பவர் தலையடிபட விழுந்தாலோ, எழுந்து நடக்கிறாரா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் 1990 இலவச அம்புலன்சை அழையுங்கள்.