ஒபியாவைச் சூனியம் என்று எழுதலாமா?

கரீபியத் தீவுகளின் சட்டங்களைப் பற்றித் தமிழில் எது வந்தாலும், அங்குள்ள ஆப்பிரிக்க வழியினரின் வைத்திய, மாந்திரீக முறையைக் குறிக்கும் ‘ஒபியா’ என்ற சொல் ‘சூனியம்’ ஆகிவிடுகிறது. ஜமைக்காவின் ஒபியாச் சட்டத்தைச் ‘சூனியத் தடைச் சட்டம்’ என்கிறார்கள். சட்டத்தின் பொருளையே புரட்டிப்போடும் பிழை இது.

மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு வந்த சொல் இது. சூனியக்காரரைக் குறிக்கும் அக்கான் சொல்லே வேர் என்பார் சிலர். வைத்தியரைக் குறிக்கும் இக்போ மொழியின் ‘டிபியா’ என்பார் வேறு சிலர். வழக்கில் மூலிகை, காப்பு, பரிகாரம், கேடு செய்தல் எல்லாமே ஒபியாதான். நம் சூனியமோ கேட்டை மட்டும் சொல்லும்.

1760இல் ஜமைக்காவில் டேக்கி என்ற அடிமையின் தலைமையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தபோது, ஆயுதம் தீண்டாதபடி அவர்களுக்குக் காப்புக் கொடுத்தவர்கள் ஒபியாக்காரர்கள். அடுத்து வந்த தடைச் சட்டம் இரத்தம், இறகு, கிளி அலகு, நாய்ப்பல், உடைந்த பாட்டில், சவக்குழி மண், ரம், முட்டை ஓடு என்று பட்டியலே போட்டது. ஆட்சியாளர்கள் அஞ்சியது கலகத்துக்கு.

ஜமைக்காவின் 1898ஆம் ஆண்டு ஒபியாச் சட்டம் இன்னும் நுணுக்கமானது. மோசடிக்கோ, சட்டவிரோத நோக்கத்துக்கோ, ஆதாயத்துக்கோ, பிறரை அச்சுறுத்தவோ அமானுஷ்ய வழியைக் கையாள்கிறவரும், கையாள்வதாகப் பாசாங்கு செய்கிறவரும் குற்றவாளி. யாருக்கும் கேடு விளைந்திருக்கத் தேவையில்லை. காசு வாங்கிக்கொண்டு நோய் தீர்க்க முயன்றவரும் மாட்டுவார். ‘சூனியம் வைத்தால் தண்டனை’ என்று மொழிபெயர்த்தால் இதில் எது வாசகருக்குப் போய்ச் சேரும்?

‘மாந்திரீகம்’ என்பது இதைவிடத் தேவலை. வைப்பதும் எடுப்பதும் அதில் உண்டு. ஆனாலும் அது மந்திரத்தை முன்னிறுத்துகிறது. ஒபியாவில் பொருளும் மூலிகையுமே முதன்மை. ஒபியா என்றே எழுதி, முதல் இடத்தில் ‘ஆப்பிரிக்க வழிவந்த வைத்திய, காப்பு, மாந்திரீக முறை’ என்று விளக்கினால் போதும்.

1962இல் விடுதலை பெற்ற ஜமைக்கா அந்த 1898ஆம் ஆண்டுச் சட்டத்தை விடவில்லை. அதிலிருந்த கசையடித் தண்டனையை மட்டும் 2013இல் நீக்கியது. பார்படோஸ் 1998இலும் டிரினிடாட் 2000இலும் ஒபியாவைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டன.

ஹெய்ட்டியின் ‘வோடூ’ என்ற வழிபாட்டு முறைக்கும் இதே கதிதான். ஃபோன் மொழியில் தெய்வத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது அது. 1804இல் விடுதலை பெற்ற அந்நாடே 1835இல் அதைத் தண்டனைச் சட்டத்தில் சேர்த்தது. 2003இல்தான் ஓர் ஆணை மூலம் மதமாக ஏற்றது. அந்த ஆணையைப் ‘பில்லிசூனியத்துக்கு அரசு அங்கீகாரம்’ என்று எழுதுவது, வழிபடுகிறவர்களை மீண்டும் 1835ஆம் ஆண்டுச் சட்டத்தின் கண்ணால் பார்ப்பதாகும்.